புகையை விடுவதற்கு மூலிகை துணை செய்யுமா?

திண்டுக்கல் சீமையைப் பற்றி வெளியூரார் பேசும்போது சில பொருள்களை நினைவு கூர்வது வழக்கம். ஓங்கி நிற்கும் பாறைக் கோட்டை ஒன்று. கைத்திறனால் ஆகும் பூட்டு ஒன்று. சின்னாளபட்டிச் சேலை ஒன்று. இவற்றோடு புகையிலையும் ஒன்று. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், பழனி வட்டாரங்களின் கிணற்றுப் பாசன நிலங்களில் விளையும் இலை, பல தலைமுறைகளாக நம் குடியானவர்களின் கையில் ரொக்கம் சேர்த்த பயிர். 'திருச்சிராப்பள்ளிச் சுருட்டு' என்று கடல் கடந்து பெயர் பெற்ற சுருட்டுக்கும் திண்டுக்கல் சமவெளியில் விளைந்த இலையே ஆதாரமாக இருந்தது. ஆர்தர் கானன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே அச்சுருட்டு ஒரு துப்பாக வருகிறது. ஸ்பென்சர் கம்பெனியார் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியதையும், 1948இல் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டதையும் நம் முதியோர் அறிவர்.

ஆகவே, புகைப் பழக்கத்தைப் பற்றி இவ்வூரில் பேசுவது அயலான் வீட்டு விஷயத்தைப் பேசுவது போன்றதன்று. நம் சங்கங்களில் இலையை விளைவிப்போர் உளர். இலையைப் புகைப்போரும் உளர். இரண்டையும் செய்வோரும் உளர். தறிக்குழியில் அமர்ந்து தார் தீர்ந்த வேளையில் பீடி பற்றவைக்கும் நெசவாளியும், மடை மாற்றிவிட்டு வரப்பில் அமர்ந்து சுருட்டுக்கு நெருப்புத் தேடும் விவசாயியும் நம்மவர்களே. அவர்களில் பலர் விட்டுவிட வேண்டுமென்றே எண்ணுகின்றனர். 2016-17இல் இந்திய நாடெங்கும் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்போருள் 55 சதவிகிதத்தினர் விட நினைப்பதாகவோ, விடத் திட்டமிட்டிருப்பதாகவோ கூறினர். எண்ணம் இருக்கிறது, வழிதான் புலப்படவில்லை.

வழி தேடுவோர் முதலில் நாடுவது பெரும்பாலும் மூலிகையைத்தான். சிறுமலையும் பழனி மலையும் அருகிருக்க, நாட்டு மருந்துக் கடைகள் நகரெங்கும் இருக்க, "இதற்கு ஏதேனும் பச்சிலை இல்லையா?" என்று கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு நேர்மையான விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். மூலிகை எல்லாம் பொய் என்று தள்ளுவதும் தவறு. மூலிகை எல்லாம் நன்மையே செய்யும் என்று நம்புவதும் தவறு. எது எவ்வளவு உதவும், எது உதவாது, எது கெடுக்கும் என்று தரம் பிரித்து அறிவதே அறிவுடைமை.

மருந்தாக வந்த இலை

முதலில் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். புகையிலையும் ஒரு மூலிகையாகவே உலகைச் சுற்றி வந்தது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த இச்செடியை, லிஸ்பன் நகரில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பவர் 1560இல் தம் நாட்டு அரண்மனைக்கு மருந்து என்று சொல்லி அனுப்பினார். தலைவலிக்கு நல்லது என்று அன்று நம்பினர். அவர் பெயரே செடிக்கும், அதனுள் இருக்கும் 'நிக்கோட்டின்' என்னும் நஞ்சுக்கும் நிலைத்துவிட்டது. போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த புகையிலை மளமளவென்று பரவவே, 1617இல் மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் புகைப்பதைத் தடை செய்து ஆணையிட்டார். ஆணை மறைந்தது, புகை மறையவில்லை.

நிக்கோட்டின் எத்தகைய பொருள் என்பதை நம் விவசாயிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அசுவினிப் பூச்சி தாக்கிய பயிருக்குப் புகையிலைக் கஷாயம் தெளித்துப் பூச்சியைக் கொன்றவர்கள் அவர்கள். பனி ஈரம் உலராத இலையை வெறுங்கையால் ஒடித்தவர்களுக்கு அன்று மாலையே தலை சுற்றலும் வாந்தியும் வருவதையும் அவர்கள் கண்டிருப்பர். ஈரத்தில் கரைந்த நிக்கோட்டின் தோல் வழியே உடலில் ஏறுவதால் உண்டாகும் துன்பம் அது. இலை உலர்ந்த பின் ஒடிப்பதும், கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிவதும், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவுவதும் அதைத் தடுக்கும்.

ஆகவே, 'இது செடியிலிருந்து எடுத்தது, ஆதலால் தீங்கில்லை' என்னும் வாதம் புகையிலையை வைத்தே பொய்யாகிவிடுகிறது. ஒரு பொருள் செடியிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்பதன்று கேள்வி; அது என்ன செய்கிறது என்பதே கேள்வி.

பழக்கம் ஏன் விடுவதில்லை?

புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் நிக்கோட்டின் மூளையை எட்டி, ஒருவித இதத்தைத் தோற்றுவிக்கிறது. இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. குறையும்போது எரிச்சல், பதற்றம், கவனக் குறைவு, பசி ஆகியவை தலைதூக்குகின்றன. அடுத்த பீடி அவற்றை அடக்குகிறது. 'பீடி பிடித்தால் கவலை தீர்கிறது' என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், முந்தைய பீடி உண்டாக்கிய கவலையைத்தான் அடுத்த பீடி தீர்க்கிறது.

ஆயினும் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நிக்கோட்டின் அன்று. இலை எரிவதால் உண்டாகும் தாரும் கரியமில நச்சு வாயுவும் பிறவுமே. பீடி சிறியதாயிற்றே என்று ஏமாறுதல் கூடாது. பீடி இலை காற்றை எளிதில் உட்புகவிடாது. அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. இழுக்க இழுக்க நஞ்சு மிகுதியாக உட்செல்கிறது.

நம் தமிழ்நாட்டிலேயே செய்யப்பட்ட பேராய்வு ஒன்று இதற்குச் சான்று. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டு அறிஞர் ரிச்சர்டு பீட்டோ முதலியோரும், நகரத்திலும் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் வரலாற்றை உயிருடனிருந்த 35,000 பேரின் வரலாற்றோடு ஒப்பிட்டு, 2003இல் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் முடிவுகளை வெளியிட்டனர். காசநோயால் இறப்பது, புகையாதாரைக் காட்டிலும் புகைப்போரிடம் ஏறக்குறைய 4 மடங்கு என்று கண்டனர். இந்தியாவில் காசநோயால் மடியும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் மரணத்துக்குப் புகையே காரணம் என்பது அவர்கள் முடிபு. நூற்பாலையிலும் தறிக்கூடத்திலும் பருத்தித் தூசியை நாள்தோறும் சுவாசிக்கும் தொழிலாளிக்கு இது இரட்டைச் சுமை. தூசி ஒருபுறம் நுரையீரலை அடைக்க, புகை மறுபுறம் அதை அரிக்கிறது.

நல்ல செய்தியும் உண்டு. இங்கிலாந்து மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ரிச்சர்டு டால் முதலியோர் 2004இல் வெளியிட்ட கணக்கு இது: வாழ்நாள் முழுவதும் புகைப்போர் ஏறத்தாழ 10 ஆண்டு ஆயுளை இழக்கின்றனர். 60 வயதில் விட்டவர் அவற்றுள் 3 ஆண்டுகளை மீட்கிறார். 50இல் விட்டவர் 6. 40இல் விட்டவர் 9. 30இல் விட்டவர் ஏறக்குறைய முழுவதையும் மீட்கிறார். 'இத்தனை வயதுக்கு மேல் விட்டு என்ன பயன்?' என்று சொல்லும் பெரியவர்கள் இக்கணக்கை ஒருமுறை நோக்குவார்களாக.

சோதனையில் தேறியதும் தேறாததும்

மூலிகைகளுள் சோதனையில் தெளிவாகத் தேறியது ஒன்று உண்டு. ஐரோப்பாவில் வளரும் லேபர்னம் என்னும் மஞ்சள் பூ மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படும் 'சைட்டிசின்' என்பதே அது. இரண்டாம் உலகப் போரின்போது புகையிலை கிடைக்காத போர் வீரர்கள் அம்மரத்தின் இலையைப் புகைத்தனர். பின்னர் பல்கேரிய நாட்டார் அதிலிருந்து மாத்திரை செய்து, 1964 முதல் புகையை நிறுத்தும் மருந்தாக விற்றனர். போலந்தின் வார்சா நகரில் 740 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2011இல் வெளிவந்தது. 25 நாள் சைட்டிசின் உண்டவர்களில் 100க்கு 8 பேர் ஓராண்டு கழித்தும் புகையாதிருந்தனர். மருந்தில்லாத போலி மாத்திரை உண்டவர்களில் 100க்கு 2 பேரே அவ்வாறிருந்தனர். 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியிலும் இம்மருந்து இடம் பெற்றுள்ளது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கற்கலாம். செடியிலிருந்து மெய்யான மருந்து கிடைக்கக்கூடும் என்பது ஒன்று. தேறிய மருந்துங்கூட 100 பேரில் 8 பேரைத்தான் கரையேற்றியது என்பது மற்றொன்று. அப்படியிருக்க, 'ஒரே வாரத்தில் அனைவருக்கும் உறுதி' என்று விளம்பரம் செய்யும் பொடிகளைப் பற்றி என்ன நினைப்பது என்பதை வாசகர்களின் முடிவுக்கே விடுகிறோம். லேபர்னம் மரமோ நச்சு மரம். அளவிட்டுச் செய்த மாத்திரையை மருத்துவர் சொற்படி உண்பது வேறு, விதையைத் தேடி உண்பது வேறு.

நம் பழனி மலையின் உயரங்களில் 'காட்டுப்புகையிலை' என்னும் செடி வளர்கிறது. இது புகையிலைச் சாதி அன்று, லோபிலியா இனம். இதன் அமெரிக்க உறவான மற்றொரு லோபிலியாவிலிருந்து 'லோபிலின்' எடுத்து, புகையை நிறுத்தும் மாத்திரைகள் பல ஆண்டுகள் விற்கப்பட்டன. நிக்கோட்டின் செய்யும் வேலையில் சிறிது லோபிலினும் செய்யும் என்று கருதியதே காரணம். சோதனைகளில் நிலையான பயன் ஒன்றும் தெரியவில்லை. 1993இல் அமெரிக்க சர்க்கார் அத்தகைய மருந்துகளைக் கடையில் இஷ்டப்படி விற்பதை நிறுத்தியது. காட்டுப்புகையிலை நஞ்சுள்ள செடி. வாந்தி, மயக்கம், அளவு மீறினால் உயிர்ச்சேதமும் உண்டாகும். மலைக்குச் செல்லும் அன்பர்கள் யார் சொன்னாலும் இதைப் பறித்துக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம் என்று அழுத்தமாகக் கூறுகிறோம்.

ஓட்ஸ் தானியத்தின் கதை சுவையானது. நம் நாட்டு ஆயுர்வேத வைத்தியர் ஒருவர் பசிய ஓட்ஸ் பயிரைக் காய்ச்சிய கஷாயத்தை அபினிப் பழக்கமுள்ளவர்களுக்குக் கொடுத்ததில், சிலர் புகையிலையிலும் விருப்பம் குறைந்ததாகக் கூறினராம். அதைக் கேட்ட டாக்டர் ஆனந்த் என்பார் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 26 பேரைக் கொண்டு சோதித்து, நல்ல பலன் கிடைத்ததாக 1971இல் 'நேச்சர்' ஏட்டில் எழுதினார். உலகமே வியந்தது. ஆனால் பிறர் மீண்டும் சோதித்தபோது அப்பலன் கிடைக்கவில்லை. ஒருமுறை பலித்ததைப் பல கைகள் பலமுறை செய்து பார்த்த பிறகே மருந்து என்று ஏற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

வரப்போரத்துப் பூண்டு

இனி நம் காலடியில் கிடக்கும் ஒன்றைப் பார்ப்போம். ஊதா நிறச் சிறு பூக்கள் பூத்து, பின் வெண்பஞ்சாய்ப் பறக்கும் 'பூவாங்குருந்தல்' என்னும் பூண்டைக் களை என்று பிடுங்கி எறிகிறோம். சகதேவி என்றும் இதற்குப் பெயர். காய்ச்சலுக்குத் தரும் மூலிகையாக இதை வைத்தியர்கள் அறிவர். தாய்லாந்து நாட்டார் இதே பூண்டைப் புகையை நிறுத்துவதற்கென்று உபயோகிக்கின்றனர்; அந்நாட்டின் அத்தியாவசிய மூலிகை மருந்துப் பட்டியலிலும் அதற்காகவே சேர்த்துள்ளனர். இதன் கஷாயம் நாக்கைச் சற்று மரக்கச் செய்து, புகையின் சுவையைக் கெடுத்துவிடுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். சிறிய அளவில் சில சோதனைகளும் நடந்துள்ளன. ஓரளவு பயன் தென்பட்டது. ஆயினும் ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வு வேண்டும். இதில் பொட்டாசியம் உப்பு மிகுதியாதலால், சிறுநீரக நோயும் இதய நோயும் உள்ளவர்கள் இதைத் தொடலாகாது. பிறரும் சித்த மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். சர்க்கார் மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவுகள் இருக்கையில், கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அஞ்சறைப் பெட்டியின் துணை

அடுக்களைச் சரக்குகளின் நிலை வேறு. அவை நிக்கோட்டினோடு போரிடுவதில்லை. ஆனால் போரிடும் ஆளுக்குத் தோள் கொடுக்கின்றன. புகை வேட்கை எழுந்தால் அது பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடத்தில் தானே தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களைக் கடத்துவதுதான் முழு வித்தை. வாய்க்கும் கைக்கும் ஏதேனும் வேலை கொடுத்தால் வேட்கை கடந்துவிடும்.

சோம்பு, ஏலக்காய், ஒரு கிராம்பு, சுக்குத் துண்டு, உலர்ந்த நெல்லிக்காய் ஆகியவற்றுள் மனத்துக்குப் பிடித்ததைச் சிறு டப்பியில் போட்டு, பீடிக்கட்டு இருந்த பையிலேயே வைத்துக்கொள்ளலாம். கை பழக்கத்தால் அப்பைக்குத்தான் போகும். போன கைக்கு வேறு பொருள் கிட்டும். எலுமிச்சைச் சாற்றில் சிறிது உப்பிட்டு அருந்தலாம். தாண்டிக்குடிப் பக்கத்தில் விளையும் மிளகைப் பற்றிய செய்தி ஒன்றும் உண்டு. இரவு முழுவதும் புகையாதிருந்தவர்களுக்கு மிளகு எண்ணெயின் ஆவியை இழுக்கச் செய்தபோது வேட்கை குறைந்ததாக 1994இல் அமெரிக்காவில் நடந்த சிறு சோதனை கூறுகிறது. தொண்டையில் உறைக்கும் அந்த உணர்ச்சியே புகையின் இடத்தைச் சிறிது நேரம் பிடித்துக்கொள்கிறது போலும். சில மணிநேரச் சோதனையே ஆதலால் இதை மருந்து என்று சொல்லற்கில்லை. வாயில் இரண்டு மிளகை அடக்கிக்கொள்வதில் நட்டமும் இல்லை.

அதிமதுரத்தைச் சுவைப்பது இதமானதே; ஆனால் நாள்தோறும் மிகுதியாகச் சுவைத்தால் இரத்த அழுத்தம் உயரும். அழுத்தம் உள்ளவர்கள் அதை விலக்க வேண்டும்.

'காலையில் ஒரு பீடி இல்லாவிட்டால் வயிறு இளகாது' என்று சொல்வோர் நம்மிடையே பலர். புகையை விட்ட முதற் சில வாரங்களில் மலச்சிக்கல் வருவது மெய்தான். எழுந்தவுடன் வெந்நீர், உணவில் கீரை, ஆயக்குடிக் கொய்யா, சிறுமலை வாழைப்பழம், இரவில் வைத்தியர் சொன்ன அளவில் திரிபலா என்று இருந்தால் வயிறு தன் வழிக்கு வந்துவிடும். காபி குடிப்போர்க்கு மற்றொரு செய்தி: புகைப்போரின் உடல் காபியின் சத்தை விரைவில் கழிக்கும், புகையை விட்டபின் அது உடலில் நெடுநேரம் தங்கும். நான்கு தம்ளர் குடித்தவர் இரண்டாகக் குறைக்காவிட்டால், படபடப்பையும் தூக்கமின்மையையும் புகையை விட்டதன் விளைவு என்று தவறாக எண்ணி மீண்டும் பீடிக்கே திரும்பிவிடுவார்.

விலக்க வேண்டிய மாற்றுகள்

மூன்று மாற்றுகளை அறவே விலக்குமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, 'மூலிகைப் பீடி', 'மூலிகைச் சிகரெட்' என்பன. துளசியானாலும் வேறெந்த நல்ல இலையானாலும், எரித்து இழுத்தால் தாரும் நச்சு வாயுவும் உண்டாகவே செய்யும். அதனோடு கையும் வாயும் பழைய வழக்கத்தையே தொடர்ந்து பயிலும்.

இரண்டாவது, பீடிக்குப் பதிலாக வாய்ப்புகையிலையையோ பாக்கையோ பிடித்துக்கொள்வது. வாய்ப்புகையிலையிலும் நிக்கோட்டின் உண்டு. வாய்ப் புற்றுநோயும் உண்டு. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதி செய்துள்ளது. ஓட்டையை அடைக்க மற்றோர் ஓட்டை போடுவது எவ்விதம் பொருந்தும்?

மூன்றாவது, கணவருக்கோ தந்தைக்கோ தெரியாமல் காபியிலோ குழம்பிலோ கலந்து கொடுக்கச் சொல்லும் பொடிகள். அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் மருந்து உண்பவருக்கு அது ஆபத்தாக முடியலாம். தவிரவும், விட வேண்டுமென்ற எண்ணம் உண்பவர் உள்ளத்தில் எழாமல் எந்த மருந்தும் பலியாது. அன்புடைய இல்லத்தரசிகள் பொடியைத் தேடுவதை விடுத்து, நேரில் பேசுவதே நன்று.

செய்ய வேண்டிய முறை

துணை ஏதுமின்றித் தாமாக விட முயல்வோரில் 100க்கு 4 பேரே வெற்றி பெறுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் வெற்றி இரு மடங்குக்கு மேலாகிறது. ஆகவே வீராப்பு வேண்டாம். துணை கொள்வதே வலிமை. பாரம்பரிய மருந்துகளைப் பொறுத்தவரை, போதிய சான்று இல்லாமையால் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ மேற்சொன்ன 2024ஆம் ஆண்டு வழிகாட்டி பரிந்துரை செய்யவில்லை. ஆதலால் மூலிகையைத் துணையாகக் கொள்ளலாம். அதையே முழுப் பொறுப்பாக்குதல் கூடாது.

இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறியுங்கள். அறுவடையோ பண்டிகைக் கெடுபிடியோ இல்லாத நாளாக அது இருக்கட்டும். வீட்டாரிடமும் உடன் வேலை செய்வோரிடமும் அந்நாளைச் சொல்லிவிடுங்கள். முன்னிரவே பீடி, தீப்பெட்டி, சாம்பல் தட்டு யாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். முதல் மூன்று நாள்களே கடினம். எரிச்சலும் தலைவலியும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். தார் மாற்றும் வேளை, தேநீர்க் கடை வேளை, உண்டபின் திண்ணையில் அமரும் வேளை ஆகிய மூன்றும் பொறி வைக்கும் வேளைகள். அவற்றுக்கென்று முன்கூட்டியே டப்பியில் சோம்போ சுக்கோ வைத்திருங்கள்.

நாளொன்றுக்குப் பல முறை புகைப்போர், எழுந்த அரைமணிக்குள் பற்றவைப்போர் ஆகியோருக்கு அஞ்சறைப் பெட்டி மட்டும் போதாது. அவர்கள் மருத்துவரைக் கண்டு நிக்கோட்டின் பசையைப் பற்றிக் கேட்க வேண்டும். அதை மிட்டாயைப் போல் இடைவிடாது மெல்லக் கூடாது; சற்று மென்று, காரம் தோன்றியதும் கன்னத்தில் ஒதுக்கி, காரம் தணிந்தபின் மீண்டும் மெல்ல வேண்டும். வரெனிக்ளின், புப்ரோப்பியான் என்னும் மாத்திரைகளும் உண்டு. அவை மருத்துவர் சீட்டின்பேரில் உண்ணத் தக்கவை. கருவுற்ற பெண்களும், காசநோய், இதய நோய், மனநோய் ஆகியவற்றுக்கு மருந்து உண்போரும் எந்த மூலிகையையும் தம் மருத்துவருக்குச் சொல்லாமல் தொடங்கலாகாது. இந்திய சர்க்காரின் புகையிலை விடுப்புத் தொலைபேசி ஆலோசனை 1800-11-2356 என்னும் எண்ணில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இடையில் ஒருநாள் தவறி ஒரு பீடி பிடித்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று கட்டையே வாங்கிவிட வேண்டாம். பாவில் ஓர் இழை அறுந்தால் முடிபோட்டு மேலே நெய்கிறோமேயன்றி, பாவையே அறுத்தெறிவதில்லை.

சங்கங்களின் கடமை

இறுதியாக, கூட்டுறவாளர்களாகிய நாம் செய்யக்கூடியவை சில. நாள் ஒன்றுக்குப் புகைக்காக 30 ரூபாய் செலவிடுகிறார் என்று கொண்டால் ஆண்டுக்கு 10,950 ரூபாய். பத்தாண்டுகளில் 1,09,500 ரூபாய், வட்டி நீங்கலாக. விடும் உறுதி கொண்ட அங்கத்தினர் அத்தொகையை வாரந்தோறும் தம் சங்கத்தின் சிக்கனச் சேமிப்பில் கட்டி வந்தால், அவர் உறுதிக்குப் பாஸ் புத்தகமே சாட்சி நிற்கும். வரவு ஏறுவதைக் காண்பது எந்தக் கஷாயத்துக்கும் குறையாத ஊக்கம் தரும். தனியே விடுவதைவிட நால்வர் ஐவர் சேர்ந்து ஒரே நாளில் விடுவது எளிது. கூட்டுறவு என்பது கடன் வாங்குவதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. சங்கக் கட்டடத்திலும் தறிக்கூடத்திலும் புகைப்பதில்லை என்ற விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால், பஞ்சும் நூலும் தீயினின்று காக்கப்படுவதோடு, புகையை விட்டவர்களுக்கும் அது அரணாகும்.

புகையிலை பயிரிடும் சகோதரர்கள் இக்கட்டுரையைத் தங்களுக்கு எதிரானது என்று கொள்ள வேண்டாம். அவர்கள் விளைவிப்பது குடும்பத்தைக் காப்பாற்றவே என்பதை நாம் மறக்கவில்லை. புகைப்போர் தொகை ஒரே நாளில் குறையப் போவதில்லை. ஆனால் குறைந்தே தீரும். அந்நாள் வருமுன் மாற்றுப் பயிர்களைச் சிறிது சிறிதாகப் பழகுவது முன்யோசனை. புகையிலை விளையும் மாநிலங்களில் பயிர் மாற்றத்துக்கு உதவும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2015-16 முதல் விரிவுபடுத்தியபோது தமிழ்நாட்டையும் அதில் சேர்த்தது. முருங்கையும் காய்கறியும் ஒட்டன்சத்திரம் சந்தையில் விலை போவதை நாம் காண்கிறோம். ஒரு ஏக்கரில் கால் பங்கைக் கொண்டேனும் சோதித்துப் பார்ப்பதும், விற்பனைக்குச் சங்கத்தைக் கேட்பதும் அவர்கள் உரிமை. வழி செய்து தருவது சங்கத்தின் கடமை.

மூலிகை துணை செய்யுமா என்று கேட்டோம். செய்யும், துணையாக இருக்கும் வரையில். விடுபவர் தாமே, துணை நிற்போர் வீட்டாரும் மருத்துவரும் சங்கத்தாரும். இவ்விதழைப் படிக்கும் அன்பர்களுள் ஒருவரேனும் இன்றே நாள்காட்டியில் ஒரு தேதியைக் குறித்து, அதை மனைவியிடமோ தறித் தோழரிடமோ சொல்வாராயின், இக்கட்டுரை எழுதப்பட்ட பயனை அடைந்ததாகக் கொள்வோம்.